காட்டுக்குள் தண்ணி காட்டிய கேரேஜ்காரர்!

கூகுள் மேப் இல்லாம பக்கத்து ஊர் கல்யாணத்துக்குப் போகவே நமக்குத் தயக்கம். அடுத்த வளைவு இடதா, வலதான்னே தெரியாமல், நடுராத்திரி காட்டு மண்பாதையில் காரை விரட்டச் சொன்னால்?

பிரிட்டனின் ஆர்.ஏ.சி ராலி அப்படிப்பட்டதுதான். 1960-ல் அது காட்டுப் பாதைகளுக்குள் நுழைந்தது. முன்கூட்டியே ஓட்டிப் பார்க்க அனுமதி கிடையாது. சரளை மண்ணும் பனியும் ஸ்வீடன், பின்லாந்து வீரர்களுக்குப் பழகிய விஷயம். 1971 வரை, நடந்த ஒவ்வொரு முறையும் வெற்றி அவர்களுக்கே. சொந்த மண்ணில் பிரிட்டன்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அப்போ வந்தவர்தான் ரோஜர் கிளார்க். 1939-ல் பிறந்தவர். லெஸ்டர்ஷயரில் குடும்பமே கார் தொழிலில் இருந்தது. உள்ளூர் கிளப் போட்டிகளில் ஓட்டிப் பழகினார். ஃபோர்டு அணியில் பெரிய ஸ்டாரான பிறகும் குடும்பத் தொழிலை விடலை.

வளைவு வருவதற்கு முன்பே காரைப் பக்கவாட்டில் சறுக்க விடுவது அவர் ஸ்டைல். பார்க்க சீன் போடுற மாதிரி இருக்கும். ஆனா, அதில் கணக்கு இருந்தது. சறுக்கும்போதே வேகம் குறையும். கார் ஏற்கெனவே திரும்பியிருப்பதால், வளைவு நினைத்ததைவிடக் கூர்மையா இருந்தாலும் சமாளிக்கலாம். தெரியாத பாதைக்கு அதுதான் இன்ஷூரன்ஸ்!

1972-ல் ஃபோர்டு எஸ்கார்ட்டில், பக்கத்து சீட்டில் டோனி மேசனுடன், அந்த ராலியை ஜெயித்தார் கிளார்க். 1959-க்குப் பிறகு ஒரு பிரிட்டன்காரருக்குக் கிடைத்த முதல் வெற்றி. 1976-ல் மறுபடியும் அவரே!

அடுத்த பிரிட்டன் வெற்றிக்கு 1994-ல் காலின் மெக்ரே வர வேண்டியிருந்தது. அதன்பின் நான்காவது வருஷம், 58 வயதில் விடைபெற்றார் இந்த கேரேஜ்காரர்.