முதல் ஊசி தனக்கே!

குழந்தைகளே! தடுப்பூசி போட நர்ஸ் வந்திருக்கிறார் என்று தெரிந்தாலே உங்களில் சிலர் பெஞ்சுக்கு அடியில் ஒளியப் பார்ப்பீர்கள். ஊசி என்றால் யாருக்குத்தான் பயமில்லை? ஆனால், பலன் தருமா, உயிரையே பறித்து விடுமா என்று யாருக்கும் தெரியாத புது ஊசியை, ஒரு முறையல்ல, இரண்டு முறை தன் உடலில் போட்டுச் சோதித்துப் பார்த்தார் ஒருவர். அவர்தான் வால்டெமர் ஹாஃப்கின்.

கருங்கடல் ஓரத்தில் உள்ள ஒடெசா நகரில் 1860-ம் ஆண்டு மார்ச் 15-ம் தேதி ஹாஃப்கின் பிறந்தார். அப்போது ரஷ்யப் பேரரசில் இருந்த அந்த நகரம் இன்று உக்ரைன் நாட்டில் இருக்கிறது. கல்லூரியில் விலங்கியல் படித்தார். புகழ்பெற்ற விஞ்ஞானி மெச்னிகாஃப் அவருக்கு ஆசிரியராக அமைந்தார். ஹாஃப்கின் யூத குலத்தில் பிறந்தவர். மதம் மாறினால்தான் பேராசிரியர் ஆக முடியும் என்ற நிலை அங்கே இருந்தது. அவர் மாற மறுத்தார். 1888-ல் நாட்டை விட்டே வெளியேறி, ஸ்விட்சர்லாந்து போய், அங்கிருந்து பாரிஸ் சேர்ந்தார்.

பாரிசில் லூயி பாஸ்டரின் ஆராய்ச்சி நிறுவனத்தில் அவருக்குக் கிடைத்தது என்ன வேலை தெரியுமா? நூலகத்தில் உதவியாளர் வேலை! அவர் மனம் தளரவில்லை. நூலக வேலை போக மீதி நேரமெல்லாம் சோதனைக்கூடத்தில் கழிந்தது.

அந்தக் காலத்தில் காலரா என்றால் உலகமே நடுங்கும். நம் ஊரில் இதை வாந்திபேதி என்பார்கள். காலையில் நன்றாக இருந்தவர் இரவுக்குள் இறந்து போவார். காலராக் கிருமியைக் கினிப்பன்றிகளின் உடலில் வளர்த்து, அதைக் கொண்டே ஹாஃப்கின் தடுப்பூசி தயாரித்தார். விலங்குகளிடம் அது பலித்தது. மனிதர்களிடம்? வேறு ஒருவரைத் தேடவில்லை. 1892 ஜூலை 18 அன்று தன் உடலிலேயே அந்த ஊசியைப் போட்டுக் கொண்டார். காய்ச்சல் வந்தது, பிறகு குணமானது. தன் நண்பர்கள் சிலருக்கும் போட்டுப் பார்த்த பிறகே, மனிதருக்கு இதனால் ஆபத்தில்லை என்று அறிவித்தார்.

இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த டஃபரின் பிரபு அப்போது பாரிசில் பிரிட்டிஷ் தூதராக இருந்தார். காலராவால் இந்திய மக்கள் படும் பாடு அவருக்குத் தெரியும். அவர் யோசனைப்படி ஹாஃப்கின் கப்பலேறினார். 1893 மார்ச்சில் கல்கத்தா வந்து சேர்ந்தார்.

வந்தவரை யாரும் மாலை போட்டு வரவேற்கவில்லை. அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்லர் என்பதால் பிரிட்டிஷ் மருத்துவர்கள் பலர் அலட்சியம் செய்தனர். முன்பின் தெரியாத வெள்ளைக்காரர் கையில் ஊசியோடு வருவதைக் கண்டு மக்களும் அஞ்சினார்கள். ஹாஃப்கின் யாரையும் வற்புறுத்தவில்லை. இந்திய மருத்துவர்களைத் துணைக்கு அழைத்துக் கொண்டு குடிசை குடிசையாக நடந்தார். விரும்பி வந்தவர்களுக்கு மட்டுமே ஊசி போட்டார்.

1894-ல் கல்கத்தாவின் குடிசைப் பகுதி ஒன்றில் காலரா தலைகாட்டியது. அங்கே ஏறக்குறைய 200 பேர் வசித்தார்கள். அவர்களில் 116 பேர் ஊசி போட்டுக் கொள்ள முன்வந்தனர். அதன் பின் அங்கே காலரா வந்தது யாருக்குத் தெரியுமா? ஊசி போட்டுக் கொள்ளாதவர்களுக்கு மட்டுமே!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள் குழந்தைகளே. ஊசி போட்டவர்களை மட்டும் பார்த்தால் உண்மை தெரியாது. அவர்களுக்கு நோய் தானாகவே வராமல் இருந்திருக்கலாம் அல்லவா? அதே இடத்தில், அதே தண்ணீரைக் குடித்துக் கொண்டு, ஊசி போடாமல் இருப்பவர்களையும் சேர்த்துக் கணக்கெடுத்தால்தான் மருந்தின் பலன் புரியும். ஹாஃப்கின் இரண்டு கணக்குகளையும் கவனமாக எழுதி வைத்தார். இன்றும் புதிய தடுப்பூசிகளை இப்படி ஒப்பிட்டுத்தான் சோதிக்கிறார்கள்.

1896-ல் பம்பாய் நகரத்தில் பிளேக் நோய் புகுந்தது. சாவுக்கு அஞ்சி ஆயிரக்கணக்கானோர் ஊரைக் காலி செய்து ஓடினார்கள். அந்த நகரத்துக்கு ஹாஃப்கின் போனார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சிறிய அறையும் தாழ்வாரமும் அவருக்குக் கிடைத்தன. ஒரு குமாஸ்தாவும் மூன்று பியூன்களும்தான் உதவிக்கு!

இறைச்சிச் சாற்றின் மேல் சில துளி நெய்யை மிதக்க விட்டு, அதில் பிளேக் கிருமியை வளர்த்தார். நெய்யிலிருந்து கிருமிக் கூட்டங்கள் ஆலம் விழுதுகள் போலக் கீழ்நோக்கித் தொங்கி வளர்ந்தன. அவற்றைச் சூடாக்கிக் கொன்று தடுப்பூசி மருந்து செய்தார். இதற்கு மூன்று மாதம்தான் ஆனது. 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசி மறுபடியும் அவருக்கே! கடும் காய்ச்சலும் வலியும் வந்தன. தாங்கிக் கொண்டார்.

அதே மாதக் கடைசியில் பம்பாயின் பைகுல்லா சிறைக்குள் பிளேக் நுழைந்தது. கைதிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் தாமாக முன்வந்து ஊசி போட்டுக் கொண்டனர். ஊசி போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தனர். ஊசி போட்டவர்களில் 2 பேருக்கே நோய் வந்தது, ஒருவரும் இறக்கவில்லை. செய்தி பரவியது. ஆகா கான் மக்கள் முன்னால் ஊசி போட்டுக் கொண்டு, தம் சமூகத்தாருக்கும் தைரியம் அளித்தார். 1899-ல் பம்பாய் பரேல் பகுதியில் பெரிய மாளிகையே சோதனைக்கூடமாகக் கிடைத்தது.

புகழின் உச்சியில் இருந்தபோதுதான் அந்த இடி விழுந்தது. 1902 அக்டோபர் 30 அன்று பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமத்தில் 107 பேருக்குப் பிளேக் ஊசி போட்டார்கள். அவர்களில் 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்து போனார்கள். ரணஜன்னி என்பது மண்ணில் இருக்கும் கிருமி புண் வழியாக உடலில் புகுந்து வருவது. டெட்டனஸ் என்றும் சொல்வோம். எத்தனை குடும்பங்கள் அழுதிருக்கும்!

சோதனைக்கூடத்திலேயே மருந்து கெட்டு விட்டது என்று விசாரணைக் குழு சொன்னது. ஹாஃப்கின் பதவியை இழந்தார். 1904-ல் தலை குனிந்து இங்கிலாந்து போனார். ஆனால், தன் மீது குற்றமில்லை என்று எடுத்துச் சொல்வதை அவர் நிறுத்தவே இல்லை.

உண்மை என்ன? இறந்த 19 பேருக்கும் ஊசி மருந்து எடுக்கப்பட்டது ஒரே புட்டியிலிருந்து. மற்ற புட்டிகளால் யாருக்கும் தீங்கில்லை. அந்தப் புட்டியில் பல நாள் முன்பே ரணஜன்னிக் கிருமி இருந்திருந்தால், திறந்த உடனே துர்நாற்றம் வீசியிருக்கும். அப்படி எந்த நாற்றமும் இல்லை. அன்று கிராமத்தில் புட்டியைத் திறக்கும்போது, உதவியாளர் கையிலிருந்து இடுக்கி மண்ணில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல், அதைக் கொண்டே தக்கையை எடுத்து விட்டார்!

மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் முதலிய விஞ்ஞானிகள் பத்துப் பேர் 1907-ல் ஹாஃப்கினுக்காகப் பத்திரிகையில் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு இறுதியில் அவர் குற்றமற்றவர் என்று அரசு ஒப்புக் கொண்டது. இழந்த ஐந்து ஆண்டுகளை யார் திருப்பித் தர முடியும்? பரேலில் அவர் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. ஆனாலும் கோபித்துக் கொண்டு ஒதுங்காமல், அவர் மீண்டும் கல்கத்தா வந்து வேலை செய்தார். ஓய்வு பெறும் வயது வந்த பிறகே விடைபெற்றார்.

1925-ல் பரேல் சோதனைக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் சூட்டினார்கள். அதற்குள் அங்கிருந்து சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்கான பிளேக் ஊசி மருந்து போயிருந்தது. 1930 அக்டோபர் 26 அன்று ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹாஃப்கின் காலமானார். 1964-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

இன்று பிளேக்கைக் குணமாக்க மாத்திரைகளும் ஊசிகளும் உள்ளன. காலராவுக்கு வாய்வழித் தடுப்பு மருந்து இருக்கிறது. ஹாஃப்கினின் பழைய ஊசிகள் இப்போது தேவைப்படுவதில்லை. ஆனால், மண்ணில் விழுந்த கருவியைச் சுத்தம் செய்யாமல் எடுக்கக் கூடாது என்ற பாடம் பழையதாகாது. அதற்குப் பத்தொன்பது உயிர்கள் விலையாகக் கொடுக்கப்பட்டன.

அடுத்த முறை நர்ஸ் ஊசியோடு வரும்போது, பெஞ்சுக்கு அடியில் ஒளியாதீர்கள். புதிய ஊசி எடுக்கிறாரா என்று பாருங்கள். பிறகு தைரியமாகக் கையை நீட்டுங்கள்!