தோலின் துயர் தீர்த்த ஹெப்ரா

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

தோல் நோய் உயிரைக் கொல்வது அரிது. ஆனால், அது மனிதனை நாலு பேர் நடுவில் நிற்கவிடாது. அரிப்பு தரும் வேதனை ஒன்று. விலகிச் செல்வோரின் பார்வை தரும் வேதனை மற்றொன்று. இவ்விரண்டையும் குறைக்கத் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் பெர்டினாண்ட் ஹெப்ரா.

இன்று செக் குடியரசில் உள்ள பிர்னோ நகரில் 1816ஆம் ஆண்டு பிறந்த ஹெப்ரா, 1841இல் வியன்னாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். அங்குள்ள பொது மருத்துவமனையில் பேராசிரியர் ஸ்கோடாவின் மார்பு நோய்ப் பிரிவில் சேர்ந்தார். சிரங்கு நோயாளிகளின் கூடமும் அப்பிரிவின் பொறுப்பிலேயே இருந்தது. பிறர் மதியாத அப்பணியை ஆசிரியர் சொற்படி ஹெப்ரா ஏற்றார்.

உடலினுள் கெட்டுப்போன நீர்களே சிரங்காகவும் கரப்பானாகவும் வெளிப்படுகின்றன என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். மேலே மருந்து பூசி ஆற்றினால் நோய் உள்ளே திரும்பிவிடும் என்றும் அஞ்சினர். 1834இல் பாரிசில் ரெனுச்சி என்னும் மருத்துவ மாணவர் சிரங்குப் பூச்சியை ஊசிமுனையில் எடுத்துக் காட்டிய பின்னும் அவ்வச்சம் நீங்கவில்லை. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத அப்பூச்சியை ஹெப்ரா தம் தோலிலேயே விட்டுப் பார்த்தார். நலமாயிருந்த அவருக்கும் சிரங்கு கண்டது. பூச்சியைக் கொல்லும் வெளிமருந்தே சிரங்கைத் தீர்க்கும் என்று நிறுவினார்.

அடுத்து, எக்சிமா எனப்படும் கரப்பானை ஆராய்ந்தார். நேர்வாள எண்ணெயை நல்ல தோலில் தடவிக் கரப்பானை உண்டாக்கிக் காட்டினார். புறப்பொருள்களாலும் அந்நோய் வரும் என்பது தெளிவாயிற்று. ஈயப் பொருளை ஆலிவ் எண்ணெயுடன் சேர்த்துக் காய்ச்சிய களிம்பைத் துணியில் தடவிக் கட்டினார். ஈயம் நஞ்சு என்பதால் அக்களிம்பு பின்னாளில் வழக்கொழிந்தது. புண்ணான தோலைக் காற்றும் உராய்வும் படாமல் மூடிக் காக்கும் முறையோ நிலைத்தது.

1849இல் பேராசிரியரானார். தோல் நோய்களை வண்ணப் படங்களாக விளக்கும் அவரது பெருநூல் 1856 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. 1880இல் அவர் மறைந்தார். மாணவரும் மருமகனுமான கபோசி அவர் பணியைத் தொடர்ந்தார்.

ஹெப்ரா கண்டது முழு உண்மையன்று. தோலின் காப்புத் தன்மை குறைவதும், உடலின் எதிர்ப்பாற்றல் அளவு மீறுவதும், பரம்பரையும் கரப்பானுக்குக் காரணங்கள் என்று இன்று அறிகிறோம். ஈரப்பசை காக்கும் களிம்பும், மருத்துவர் அளவறிந்து தரும் ஸ்டீராய்டு களிம்பும் இன்று அந்நோயைக் கட்டுக்குள் வைக்கின்றன.

மாணவத் தோழர்களே! சிரங்கு தொற்றும்; ஆனால் மருந்தால் தீரும். கரப்பான் தொற்றவே தொற்றாது. இவ்வேறுபாட்டை அறிந்தவர், கரப்பான் கண்ட தோழனின் பக்கத்தில் தயங்காமல் அமர்வார். ஹெப்ராவுக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுவே.