எண்பது பிள்ளைகளும் ஓர் ஆசிரியரும்

கல்வியியல் நூல்களைப் புரட்டும் எவரும் பெஸ்டலோசி என்னும் பெயரை எதிர்கொள்ளாமல் இருக்க இயலாது. பொருளைக் காட்டியபின் அதன் பெயரைக் கற்பித்தல், எளியதிலிருந்து அரியதற்குச் செல்லுதல், கையும் நெஞ்சும் அறிவும் ஒருசேர வளரச் செய்தல் என இன்று ஆசிரியப் பயிற்சியில் இயல்பாகப் பேசப்படும் கருத்துகள் பலவும் அவர் பெயரோடு இணைத்தே சொல்லப்படுகின்றன. அப்பெருமை அவருக்கு முதுமையின் வாயிலில் வந்தது. அதற்கு வித்திட்டது, ஐந்து மாதங்கள்கூட முழுமையாக நடைபெறாத ஒரு பள்ளி. போரில் எரிந்த ஓர் ஊர், ஏறத்தாழ எண்பது பிள்ளைகள், ஒரே ஆசிரியர். அப்பள்ளியைவிட்டு வெளியேறியபோது அந்த ஆசிரியர் குருதி உமிழ்ந்துகொண்டிருந்தார். அவர் வாழ்வைச் சொல்லும் இப்பாடம் அந்த ஐந்து மாதங்களிலேயே நெடிது தங்குகிறது.

யோகான் ஹைன்ரிக் பெஸ்டலோசி 1746ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறந்தார். தந்தை அறுவை மருத்துவர். ஐந்து வயதில் தந்தையை இழந்த சிறுவனைத் தாயும் பணிப்பெண் ஒருவரும் வளர்த்தனர். குடும்பத்தைக் கைவிடமாட்டேன் என்று இறக்கும் தறுவாயில் இருந்த தலைவருக்குக் கொடுத்த வாக்கை அப்பணிப்பெண் இறுதிவரை காத்தார். வறுமையை மறைத்து வாழ்ந்த வீடு அது. பாட்டனார் சிற்றூர் ஒன்றில் சமயகுருவாக இருந்தார். அவருடன் ஏழைகளின் வீடுகளுக்கும் ஊர்ப் பள்ளிக்கும் சென்றுவந்த சிறுவன், நகரத்துக் குழந்தைக்கும் நாட்டுப்புறக் குழந்தைக்கும் இடையே இருந்த இடைவெளியை இளமையிலேயே கண்டான். பள்ளியில் உடன்பயின்றோர் அவனுடைய ஒழுங்கற்ற தோற்றத்தையும் எளிதில் எவரையும் நம்பிவிடும் இயல்பையும் எள்ளி நகையாடினர். அந்த இரண்டும் வாழ்நாள் முழுவதும் அவரைவிட்டு நீங்கவில்லை.

பண்ணையில் ஒரு பள்ளி

ரூசோவின் எமீல் என்னும் நூல் அக்கால இளைஞர் பலரை ஆட்கொண்டதுபோல் பெஸ்டலோசியையும் ஆட்கொண்டது. படிப்பைத் துறந்து வேளாண்மையை நாடினார். தம்மினும் ஏழெட்டு வயது மூத்தவரான அன்னாவை, அவர்தம் பெற்றோரின் எதிர்ப்பை மீறி 1769இல் மணந்தார். பிர் என்னும் ஊருக்கு அருகில் நொய்ஹோஃப் எனத் தாம் பெயரிட்ட பண்ணையில் குடியேறினார். வேளாண்மை அவருக்குக் கைகொடுக்கவில்லை. கடன் பெருகிய வேளையில், வேறொருவராயின் நிலத்தை விற்றுவிட்டு நகருக்குத் திரும்பியிருப்பார். பெஸ்டலோசியோ 1774இல் அப்பண்ணையிலேயே ஏழைச் சிறுவர்களுக்கான இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகள் நூல் நூற்று, நெய்து, வயலில் உழைத்துத் தம் செலவைத் தாமே ஈட்டவேண்டும். உழைக்கும்போதே எழுத்தும் எண்ணும் கற்கவேண்டும் என்பது திட்டம். கந்தலோடு வந்த பிள்ளைகளுக்குப் புத்தாடை கிடைத்ததும் பெற்றோர் சிலர் அவர்களைத் திரும்ப அழைத்துச் சென்றனர். 1780இல் இல்லம் மூடப்பட்டது. அன்னாவின் செல்வமும் அதனோடு கரைந்தது.

இதனிடையே அவரது ஒரே மகன், ரூசோவின் நினைவாகப் பெயரிடப்பட்ட யாக்கோப், நோயுற்ற குழந்தையாக வளர்ந்தான். நூல் காட்டிய வழியில் மகனைப் பயிற்றத் தந்தை முயன்றார். பதினொரு வயதிலும் அவனுக்கு எழுதப் படிக்கச் சரிவர வரவில்லை. பிறர் பிள்ளைகளுக்கு வழிகாட்டவந்தவரின் வீட்டிலேயே இக்குறை இருந்ததை உலகம் சுட்டிக்காட்டத் தவறவில்லை. உலகம் இரக்கமற்றது எனினும், அக்குறையை அவரும் உணர்ந்தேயிருந்தார்.

அடுத்த பதினெட்டு ஆண்டுகள் எழுத்தில் கழிந்தன. லியன்ஹார்டும் கெர்ட்ரூடும் என்னும் புதினத்தின் முதல் பகுதி 1781இல் வெளிவந்து புகழ் தேடித்தந்தது. பிரெஞ்சு நாடு 1792இல் அவரைத் தன் மதிப்புறு குடிமகனாக ஏற்றது. எனினும், அவர் நாடிய வகுப்பறை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஸ்டான்ஸ்

1798இல் பிரெஞ்சுப் படைகள் சுவிட்சர்லாந்தில் நுழைந்தன. அவற்றின் துணையோடு புதிய குடியரசு அமைந்தது. மலைசூழ்ந்த நிட்வால்டன் பகுதியின் கத்தோலிக்க மக்கள் அதற்கு உறுதிமொழி தர மறுத்தனர். செப்டம்பர் 9ஆம் நாள் படை அவர்கள்மீது பாய்ந்தது. ஏறத்தாழ நானூறு பேர் மாண்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. பெற்றோரை இழந்தும், வீட்டை இழந்தும் தெருவில் நின்ற பிள்ளைகளுக்கு ஸ்டான்ஸ் நகரில் ஓர் இல்லம் அமைக்கப் புதிய அரசு முடிவுசெய்தது. அப்பொறுப்பை ஏற்க முன்வந்தவர் பெஸ்டலோசி. கன்னிமாடம் ஒன்றின் கட்டடப் பகுதி ஒதுக்கப்பட்டது. 1799 சனவரி 14 அன்று இல்லம் திறக்கப்பட்டபோது அவருக்கு 53 வயது நிறைந்து இரண்டு நாள்களே ஆகியிருந்தன.

கட்டட வேலை முடியவில்லை. எங்கும் சுண்ணாம்புத் தூசி, சமையலறை ஒழுங்குபெறவில்லை, படுக்கைகள் போதவில்லை. எனவே, தொடக்கத்தில் பிள்ளைகள் சிலரை இரவில் வெளியே அனுப்பவேண்டியிருந்தது. அவர்கள் காலையில் பேன்களோடு திரும்பினர். வந்தவர்களுள் சொறிசிரங்கு பற்றி நடக்கவும் முடியாதோர் இருந்தனர். எலும்பும் தோலுமாக, அச்சம் உறைந்த கண்களோடு இருந்தோர் இருந்தனர். இரந்துண்டு பழகியதால் பொய்யும் வஞ்சமும் கற்றோர் இருந்தனர். செல்வம் பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளோ மற்றவரோடு உண்ண மறுத்தனர். எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. இத்தனை பேருக்கும் உதவியாக இருந்தவர் வீட்டுவேலைக்கான ஒரு பெண் மட்டுமே. வேறு ஆசிரியரை வைத்துக்கொள்ளவும் பெஸ்டலோசி விரும்பவில்லை. தம் மனத்தில் இருப்பதை இன்னொருவருக்கு விளக்கிச் சொல்ல அப்போது அவராலேயே முடியவில்லை என்பது அதற்கொரு காரணம்.

அவரே கழுவினார், அவரே ஊட்டினார், புண்களைத் துடைத்தார், அழுதவரோடு அமர்ந்தார். காலையில் முதலில் எழுந்தவரும் இரவில் இறுதியில் படுத்தவரும் அவரே. பிள்ளைகளுக்கு நடுவிலேயே உறங்கினார். படுத்தபின்னும் அவர்கள் கண்ணயரும்வரை பேசியும் கற்பித்தும் இறைவனை வேண்டியும் இருந்தார். அன்னா உடன் வரவில்லை. மனம்விட்டுப் பேச ஒருவரும் இல்லாமல், நாள் முழுதும் எண்பது பிள்ளைகளின் தேவைகளுக்கு நடுவே நின்ற அந்நிலையை, தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எளிதில் உணர்ந்துகொள்வார். ஒரு பிள்ளையின் பக்கம் திரும்பும்போது மற்றவர்களின் பக்கம் முதுகு காட்டவேண்டியுள்ளது என்னும் தவிப்பு அப்பணியில் எந்நாளும் உண்டு.

உள்ளே இருந்த சுமையைவிட வெளியிலிருந்து வந்தது அவரை மிகுதியாக வருத்தியது எனலாம். ஊரார் கத்தோலிக்கர்; அவர் சீர்திருத்தச் சபையினர். ஊரைக் கொளுத்திய படையின் தயவில் வாழும் அரசுக்காகச் செய்தித்தாள் நடத்தியவர். அவரை மக்கள் எப்படி நம்புவர்? அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. தாய்மார் வந்து பிள்ளைகளின் குறைகளைக் கேட்டனர்; பிள்ளைகள் தாயைக் கண்டதும் அழுதனர்; சிலர் அங்கேயே அழைத்துச் செல்லப்பட்டனர். பிள்ளை இரந்து கொண்டுவந்த வருவாய் நின்றுபோனதால் அதற்கு ஈடாகப் பணம் தரவேண்டும் என்று கேட்ட பெற்றோரும் உண்டு. உடல் தேறி, உடையும் பெற்றபின் ஓடிப்போன பிள்ளைகளும் உண்டு. நொய்ஹோஃபில் பட்ட அதே புண்ணில் இரண்டாம் முறையும் அடி விழுந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பெஸ்டலோசி பிள்ளைகளை அடித்ததுண்டு. முரட்டுத்தனமும் இரக்கமின்மையும் எல்லை மீறியபோது கன்னத்தில் அறைந்ததாக அவரே பின்னர் எழுதியுள்ளார். பகலிரவு தம்மோடு வாழும் ஒருவரின் அடியைப் பிள்ளைகள் பகையாகக் கொள்ளவில்லை என்பது அவர் தந்த விளக்கம். அடுத்த கணமே கைநீட்டி அணைத்துக்கொண்டதையும் அவர் குறிப்பிடுகிறார். பிரம்பு பள்ளியின் இயல்பான கருவியாக இருந்த காலம் அது. ஆயினும் அவ்விளக்கத்தை இன்று நாம் ஏற்க இயலாது. களைத்த கையும் கனிந்த நெஞ்சும் ஒரே மனிதரிடம் இருந்தன என்பதையே அது காட்டுகிறது. அதை எழுதாமல் விட்டிருந்தால் எவரும் அறிந்திருக்கமாட்டார்கள்.

இந்நெருக்கடியிலிருந்தே அவருடைய கற்பித்தல் முறை பிறந்தது. அமர்ந்து திட்டமிட அவருக்கு நேரமில்லை. போதிய நூல்களும் இல்லை. எனவே, சுற்றியிருந்த பொருள்களே பாடமாயின. எண்பது பேரை ஒருவரே கற்பிக்கவேண்டியிருந்ததால் அனைவரும் உரத்த குரலில் ஒருசேர ஒலித்தனர். நம் திண்ணைப் பள்ளிகளில் கேட்ட ஓசை போன்றதே அது. வாய் ஒலிக்கும்போதே கை கோடுகளையும் எழுத்துகளையும் வரைந்தது. சற்றுத் தேறிய பிள்ளை, தேறாத இருவருக்கு நடுவே அமர்ந்து, இருபுறமும் தோளில் கைபோட்டுக்கொண்டு தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தது. மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையைச் சென்னையிலிருந்த ஆதரவற்ற சிறுவர் இல்லத்தில் கையாண்டு, 1797இல் ஆண்ட்ரூ பெல் நூலாக வெளியிட்டிருந்தார். அங்கே அது திட்டமிட்ட ஏற்பாடு. ஸ்டான்சிலோ வேறு வழியில்லாததால் தானே முளைத்தது. இருவரும் பல ஆண்டுகளுக்குப்பின் சந்தித்தபோது பெல் அவரது முறையைப் பெரிதாக மதிக்கவில்லை.

மெல்ல மாற்றம் தெரிந்தது. ஏப்ரல் மாதத்தில் அருகிலிருந்த ஆல்ட்டார்ஃப் நகர் தீக்கிரையானது. அங்கே வீடிழந்த பிள்ளைகள் இருபது பேரை ஏற்கலாமா என்று பெஸ்டலோசி தம் மாணவர்களையே கேட்டார். ஏற்றால் உணவு குறையும், வேலை கூடும், உடையையும் பகிரவேண்டிவரும் என்பதை ஒளிக்காமல் எடுத்துரைத்தார். ஏற்போம் என்றே பிள்ளைகள் விடை தந்தனர். மூன்று மாதங்களுக்குமுன் ஒரு ரொட்டித் துண்டுக்காகச் சண்டையிட்டிருக்கக்கூடிய பிள்ளைகள் அவர்கள். ஆசிரியருக்கு அந்த ஆண்டில் கிடைத்த கூலி இதுவே.

சூன் 8ஆம் நாள், பின்வாங்கிவந்த பிரெஞ்சுப் படையின் மருத்துவமனைக்கு அக்கட்டடம் தேவைப்பட்டது. பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு உடையும் சிறிது பணமும் கொடுத்து அனுப்பிவைத்தார் பெஸ்டலோசி. இருபத்திரண்டு பேரே எஞ்சினர். அவர் உடல் அதற்குள் முற்றும் தளர்ந்திருந்தது. இருமலில் குருதி வந்தது. நண்பர்கள் குர்னிகல் என்னும் மலைப்பகுதிக்கு ஓய்வெடுக்க அனுப்பினர். கீழே விரிந்த பள்ளத்தாக்கின் அழகைக் கண்டபோதும், கல்வி மறுக்கப்பட்ட மக்களையே நினைத்ததாக அவர் எழுதியுள்ளார். அங்கிருந்தபடியே ஸ்டான்ஸ் அனுபவத்தை நண்பருக்கு நீண்ட மடலாக வரைந்தார். கல்வியியலில் இன்றும் பயிலப்படும் மடல் அது. தம் பிள்ளைகளிடம் திரும்பிச் செல்ல அவர் விழைந்தார். அதற்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

மீண்டும் வகுப்பறை

ஓய்வு சில வாரங்களே நீடித்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே பர்க்டார்ஃப் நகரின் ஏழையர் பள்ளியில் அவர் நின்றார். செருப்புத் தைக்கும் தொழிலோடு ஆசிரியப் பணியும் பார்த்த ஒருவர் நடத்திய பள்ளி அது. ஒரே அறையில் இருவரும் கற்பித்தனர். புதியவரின் முறை விளங்காத பெற்றோர், தம் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்யவேண்டாம் என்று எதிர்த்தனர். புகழ்பெற்ற நூலாசிரியர் அங்கிருந்து விலக்கப்பட்டு, மழலையர் பள்ளிக்கு மாற்றப்பட்டார். அவர் மறுப்பின்றிச் சென்றார். 1800ஆம் ஆண்டு வசந்தத்தில் அப்பிள்ளைகளைத் தேர்ந்து பார்த்த ஊர்க் கல்விக்குழு அவர்களின் முன்னேற்றத்தைப் பெரிதும் பாராட்டியது. அதன்பின் நிலைமை மாறியது. பர்க்டார்ஃப் கோட்டையில் அவருடைய கல்விநிலையம் எழுந்தது. கெர்ட்ரூட் தன் குழந்தைகளுக்கு எவ்வாறு கற்பிக்கிறாள் என்னும் நூல் 1801இல் வெளிவந்தது. அதே ஆண்டில் மகன் யாக்கோப் இறந்தார்.

1805 முதல் இவெர்டான் நகரில் இருபது ஆண்டுகள் நிலையம் நடைபெற்றது. மழலையர் தோட்டக் கல்வியை உருவாக்கிய ஃபுரோபல் 1808 முதல் 1810 வரை அங்கே தங்கிப் பயின்றார். ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் அறிஞர்கள் வந்து பார்த்தனர். வந்த மாணவர்கள் பெரும்பாலும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். அது அவர் நெஞ்சை உறுத்தியிருக்கவேண்டும். 1818இல், தம் 72ஆம் வயதில், அருகிலிருந்த கிளிண்டி என்னும் இடத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கென மீண்டும் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதுவும் நெடுநாள் தனித்து நிற்கவில்லை. ஆசிரியர்களுக்குள் மூண்ட பூசல் நிலையத்தையே அரித்து, 1825இல் அதை மூடச்செய்தது.

முதியவர் நொய்ஹோஃபுக்கே திரும்பினார். 1827 பிப்ரவரி 17 அன்று அருகிலிருந்த புருக் நகரில் உயிர்நீத்தார். பிர் சிற்றூரின் பள்ளிக்கூடத்தை ஒட்டி அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. நூற்றாண்டு விழா வந்த 1846இல்தான் அங்கே நினைவுச்சின்னம் எழுந்தது. அதைப் பள்ளிக்கூடத்தின் சுவரிலேயே அமைத்தனர்.