மஞ்சளும் சிவப்பும் தந்த ஆசிரியர்

கால்பந்தாட்டத்தில் நடுவர் மஞ்சள் அட்டை காட்டினால் எச்சரிக்கை, சிவப்பு அட்டை காட்டினால் வெளியேற்றம் என்பதை நாம் அறிவோம். அவற்றை உலகுக்கு அளித்தவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவரே கென் ஆஸ்டன்.

இவர் 1915ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கோல்செஸ்டர் நகரில் பிறந்தார். ஆசிரியப் பணியோடு நடுவர் பணியையும் கற்றுத் தேர்ந்தார். பின்னர் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார்.

1962இல் சிலி நாட்டில் உலகக் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. சிலியும் இத்தாலியும் மோதிய ஆட்டத்துக்கு ஆஸ்டனே நடுவர். அந்தோ! ஆட்டம் அடிதடியாக மாறியது. இத்தாலிய வீரர் இருவரை அவர் வெளியேற்றினார். ஒருவர் போக மறுக்கவே, காவலர்கள் வந்து அழைத்துச் செல்ல நேர்ந்தது. சிலி வீரர் ஒருவர் குத்தியதில் இத்தாலியர் ஒருவரின் மூக்கு உடைந்தது. குத்தியவரோ தண்டனையின்றி ஆடினார். ஆஸ்டனுக்கு அது பெரும் சோதனை நாள்.

1966இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் நடுவர்களுக்கு அவரே பொறுப்பாளர். வெம்பிளி அரங்கில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. அர்ஜென்டினா அணித்தலைவர் ரட்டினை ஜெர்மானிய நடுவர் வெளியேறச் சொன்னார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ரட்டின் நகரவில்லை, ஆட்டம் பல நிமிடங்கள் நின்றது. ஆஸ்டனே களத்தில் இறங்கிச் சமாதானம் செய்தார். அதே ஆட்டத்தில் தாம் எச்சரிக்கப்பட்டதை இங்கிலாந்து வீரர் ஜாக் சார்ல்டன் செய்தித்தாள் வாயிலாகவே அறிந்தார்!

எச்சரிக்கவும் வெளியேற்றவும் விதியில் இடம் இருந்தது. மொழி புரியாதவருக்கு அதை உணர்த்தும் வழிதான் இல்லை. இதை எண்ணியவாறே லண்டன் தெருவில் கார் ஓட்டிச் சென்ற ஆஸ்டனின் முன் போக்குவரத்து விளக்கு மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறியது. மஞ்சள் என்றால் கவனம். சிவப்பு என்றால் நில். எந்நாட்டவருக்கும் விளங்கும் மொழி அல்லவா அது!

1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாக வந்தன. அத்தொடரில் ஒருவர்கூட வெளியேற்றப்படவில்லை. ஆஸ்டன் 2001இல் மறைந்தார்.

வீரர்களின் முரட்டுத்தனத்தை மட்டும் குறைகூறி அவர் ஓய்ந்துவிடவில்லை. தண்டனை பெறுபவருக்கும் அது விளங்க வேண்டும் என்று எண்ணினார். வகுப்புத் தலைவியாகவோ அணித் தலைவியாகவோ நிற்கும் நாமும், குரலை உயர்த்துமுன் நம் சொல் தோழிக்கு விளங்கியதா என்று எண்ணிப் பார்ப்போமாக!