எழுத்துக்காகத் தூக்கிலிடப்பட்டவர்: யார் இந்த ஜூலியஸ் ஸ்ட்ரைஷர்? வெறுப்புப் பேச்சுக்குத் தடை போட்டால் போதுமா?

1946 அக்டோபர் 16. ஜெர்மனியின் நியூரம்பெர்க் சிறையில் நாஜி தலைவர்கள் 10 பேர் தூக்கிலிடப்பட்டனர். அமைச்சர்கள், ராணுவத் தளபதிகள் என எல்லாரும் பெரிய பதவியில் இருந்தவர்கள். அவர்களில் ஒருவர் மட்டும் கொஞ்சம் வித்தியாசமானவர். அவர் படை நடத்தவில்லை, வதை முகாமும் நடத்தவில்லை. அவர் நடத்தியது ஒரு வாரப் பத்திரிகை. பெயர் ஜூலியஸ் ஸ்ட்ரைஷர்.

வெறுப்புப் பேச்சை அரசாங்கம் தடை செய்யணுமா, வேண்டாமா என்ற விவாதம் எப்போது கிளம்பினாலும் இவர் பெயர் வந்துவிடும். ஏன்?

வாத்தியார் டு பத்திரிகை அதிபர்

1885ல் பவேரியாவில் பிறந்த ஸ்ட்ரைஷர், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். முதல் உலகப் போரில் சண்டையிட்டு இரும்புச் சிலுவை விருது வாங்கியவர். ஜெர்மனி தோற்றதும், அதற்கெல்லாம் யூதர்கள்தான் காரணம் என்று மேடை போட்டுப் பேச ஆரம்பித்தார். 1922ல் தன் ஆதரவாளர்களோடு ஹிட்லரின் கட்சியில் இணைந்தார். அடுத்த ஆண்டே நியூரம்பெர்க்கில் 'டேர் ஸ்டூர்மர்' பத்திரிகையைத் தொடங்கினார்.

பத்திரிகையில் என்ன இருக்கும்? அரசியல் அலசல் எல்லாம் கிடையாது. கேலிச்சித்திரம், பாலியல் வதந்தி, கிசுகிசு, வாசகர் கடிதம் இவைதான். யூதர்கள் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொன்று ரத்தம் எடுக்கிறார்கள் என்ற பழைய பொய்யைக்கூட 1934ல் தனி இதழாகவே போட்டார். காசு கொடுத்து வாங்காதவர்களும் படிக்கணும் என்று தெருமுனைகளிலும் பஸ் நிறுத்தங்களிலும் கண்ணாடிப் பெட்டிகளில் பத்திரிகையை ஒட்டி வைத்தார்கள். 1935ல் விற்பனை 6 லட்சத்தைத் தொட்டதாக நியூரம்பெர்க் தீர்ப்பு சொல்கிறது. குழந்தைகளையும் விடவில்லை, அவரது பதிப்பகம் 1938ல் யூத வெறுப்பைக் கதையாகச் சொல்லும் படப் புத்தகம் ஒன்றை வெளியிட்டது.

அப்போ சட்டமே இல்லையா?

இருந்தது. இங்கதான் விஷயமே இருக்கு. ஹிட்லருக்கு முந்தைய வைமர் குடியரசில் மத சமூகங்களை இழிவுபடுத்துவது குற்றம். அவதூறுச் சட்டமும் இருந்தது. ஸ்ட்ரைஷர் மீது வழக்கு மேல் வழக்கு. இதழ்கள் பறிமுதல் செய்யப்பட்டன. 1928ல் ஆசிரியர் வேலை போனது. 1929ல் சிறைத் தண்டனையும் கிடைத்தது.

ஆனாலும் அவர் அடங்கவில்லை. ஒவ்வொரு வழக்கும் அவருக்கு இலவச விளம்பரமானது. 1924ல் பவேரிய சட்டமன்ற உறுப்பினர் ஆனதால் பதவிக்கான சட்டப் பாதுகாப்பும் கைகொடுத்தது. தண்டனைகளோ சில மாதங்களைத் தாண்டவில்லை.

தடைச் சட்டம் வேலைக்கு ஆகாது என்று வாதிடுபவர்கள் சுட்டிக்காட்டுவது இதைத்தான். மறுதரப்பு சொல்வது வேறு: சட்டம் தோற்கவில்லை, அதைப் பாதி மனதோடு பயன்படுத்திய அமைப்புதான் தோற்றது.

ஆட்சி கைக்கு வந்ததும்...

1933ல் நாஜிகள் ஆட்சியைப் பிடித்ததும் நிலைமை தலைகீழானது. தண்டிக்க வேண்டிய அரசே அவரைத் தாங்கிப் பிடித்தது. அந்த ஏப்ரலில் யூதர் கடைகளைப் புறக்கணிக்கும் இயக்கத்துக்கு ஸ்ட்ரைஷர்தான் தலைவர். 1938 ஆகஸ்டில் அவர் உத்தரவில் நியூரம்பெர்க்கின் யூத வழிபாட்டுத் தலம் இடிக்கப்பட்டது.

ஊழல் புகார், மூத்த தலைவர் கோரிங்குடன் மோதல் எனச் சொந்தக் கட்சியே அவரை 1940ல் பதவியிலிருந்து தூக்கியது. பண்ணை வீட்டில் ஒதுங்கினார். ஆனால் பத்திரிகை மட்டும் 1945 வரை நிற்கவில்லை.

நீதிமன்றம் பிடித்த நூல்

போர் முடிந்ததும் கைதானார். ஹிட்லரின் நெருங்கிய ஆலோசகர் வட்டத்தில் அவர் இல்லை என்பதை நீதிபதிகளே ஒப்புக்கொண்டார்கள். போருக்குச் சதி செய்த குற்றச்சாட்டிலிருந்து அவரை விடுவிக்கவும் செய்தார்கள். அப்புறம் எதற்கு மரண தண்டனை?

யூதர்களை ஒழிக்க வேண்டும் என்று அவர் தொடர்ந்து எழுதினார். அந்தச் சமயத்தில் கிழக்கு ஐரோப்பாவில் அவர்கள் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தது தனக்குத் தெரியாது என்றார். ஆனால் அந்தக் கொலைச் செய்திகளை வெளியிட்ட சுவிட்சர்லாந்து யூத வார இதழ் அவருக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது நிரூபணமானது. தெரிந்தே தூண்டினார், எனவே மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்றது தீர்ப்பு.

அதே வழக்கில் நாஜி வானொலி விமர்சகர் ஹான்ஸ் ஃபிரிட்ஷே விடுதலை ஆனார். அவர் பேச்சிலும் யூத வெறுப்பு இருந்தது. ஆனால் கொடுமைகளைச் செய்யும்படி மக்களைத் தூண்டுவது அவர் நோக்கம் என்பது நிரூபணமாகவில்லை. வெறுப்பைப் பேசுவது வேறு, கொல்லத் தூண்டுவது வேறு என்ற கோடு அப்போதே விழுந்துவிட்டது.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

1994ல் ருவாண்டாவில் வானொலியும் பத்திரிகையும் டுட்சி மக்களுக்கு எதிராக இனப்படுகொலையைத் தூண்டின. அந்த ஊடக வழக்கில் 2003ல் வந்த தீர்ப்பு ஸ்ட்ரைஷர் வழக்கைத்தான் முன்னுதாரணமாகக் காட்டியது. ஜெர்மனி 1960ல் மக்கள் பிரிவினருக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதைத் தனிக் குற்றமாக்கியது. அமெரிக்காவோ உடனடி வன்முறையைத் தூண்டினால் மட்டுமே தண்டிக்கலாம் என 1969ல் முடிவெடுத்தது.

இரண்டு நாடுகளும் பார்த்தது ஒரே வரலாறுதான், எடுத்த பாடம் வேறு. ஸ்ட்ரைஷரின் வாழ்க்கையிலிருந்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. சட்டம் இருந்தபோது அவர் ஒரு தொல்லையாக இருந்தார். அரசே அவர் பக்கம் சேர்ந்தபோதுதான் ஆபத்தாக மாறினார். ஆகவே தடை வேண்டுமா என்று கேட்பவர்கள், அந்தத் தடை யார் கையில் இருக்கும் என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.