எலிசபெத் ரயன் (1892 – 1979)

இரட்டையர் டெனிஸில் பெரும் புகழ் பெற்ற எலிசபெத் ரயன், ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிறந்தவர். 1912 இல் இங்கிலாந்து சென்றார். 1914 இல் அகதா மோர்ட்டனுடன் சேர்ந்து விம்பிள்டனில் முதற் பட்டத்தை வென்றார். முதலாம் உலகப் போரினால் அடுத்த நான்கு ஆண்டுகள் அங்கு போட்டிகள் நடைபெறவில்லை.

போரின் பின்னர் பிரான்சின் சுசான் லெங்லன் அவருக்குச் சோடியானார். இச்சோடி விம்பிள்டனில் ஆறு தடவைகள் சம்பியனானது. பந்தை வெட்டியடிப்பதிலும், அது நிலத்தில் படுமுன் வலையருகே நின்று திருப்பியடிப்பதிலும் ரயன் வல்லவர். இரட்டையர் ஆட்டத்துக்கு வேண்டியவையும் இவையே. 1934 வரை அவர் வென்ற விம்பிள்டன் பட்டங்கள் 19. மகளிர் இரட்டையரில் 12, கலப்பு இரட்டையரில் 7. (மாணவர்களே, இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.)

ஒற்றையர் பட்டம் மட்டும் கைகூடவேயில்லை. 1921 விம்பிள்டன் இறுதியாட்டத்தில் அவரை வென்றவர் அதே லெங்லன். 1930 இல் வென்ற ஹெலன் வில்ஸ் மூடியோ அவ்வாண்டு இரட்டையரில் அவரது சோடி! 1926 அமெரிக்க இறுதியாட்டத்தில் வெற்றிக்கு ஒரேயொரு புள்ளி தேவைப்பட்ட நிலையிலிருந்து மொல்லா மலோரியிடம் தோற்றார். இதுவே மிகவும் வருந்தத்தக்க தோல்வி எனலாம்.

பின்னர் அவர் தொழில்முறைப் பயிற்றுநரானார். 1975 இல் பில்லி ஜீன் கிங் 19 பட்டங்களுடன் அவரது சாதனையைச் சமன் செய்தார். 1979 யூலை 6 ஆந் திகதி, விம்பிள்டன் மைதானத்திலேயே மயங்கி விழுந்து ரயன் காலமானார். வயது 87. மறுநாள் கிங், மார்ட்டினா நவ்ரத்திலோவாவுடன் மகளிர் இரட்டையரை வென்று தமது 20 ஆவது பட்டத்தைப் பெற்றார்.