ஆய்வு முடிந்து 11 ஆண்டு கழித்து வந்த பட்டம்

நம் மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் போனாலும் அரூர் பக்கம் போனாலும் ‘டாக்டர் அம்பேத்கர் நகர்’ என்ற பலகை எங்காவது கண்ணில் படும். பலகை எழுதுபவர் இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கினாலும் ‘டாக்டர்’ என்பதை விடமாட்டார். அந்தச் சொல் அண்ணலின் பெயரோடு அப்படி ஒட்டிவிட்டது. ஆனால் அது எப்படி வந்தது என்று கேட்டால் நம்மில் பலருக்கு விவரம் தெரியாது. மருத்துவம் படித்தவர் என்று நினைக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். யாரோ மரியாதைக்குக் கொடுத்த பட்டம் என்று நினைக்கும் பெரியவர்களும் உண்டு.

மரியாதைப் பட்டங்களும் அவருக்கு வந்தன. கொலம்பியா பல்கலைக்கழகம் 1952-லும் உஸ்மானியா பல்கலைக்கழகம் 1953-லும் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தன. அதற்கு வெகு காலத்துக்கு முன்பே அவர் படித்து, ஆய்வேடு எழுதி, இரண்டு டாக்டர் பட்டங்களை வாங்கிவிட்டார். ஒன்று லண்டனில், 1923-ல். இன்னொன்று நியூயார்க்கில், 1927-ல். இந்த இரண்டாவது பட்டத்துக்கான ஆய்வேட்டை அவர் கொடுத்தது 1916-ல். நடுவில் ஓடியது 11 ஆண்டுகள். முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்து பாதியில் நிற்கிற நம் ஊர்ப் பிள்ளைகள் அறிய வேண்டியது அந்த 11 ஆண்டுகளின் கதையைத்தான்.

1913 பிப்ரவரியில் அண்ணலின் தந்தை ராம்ஜி சக்பால் இறந்தார். அந்த ஆண்டு ஜூலையில் மகன் நியூயார்க் நகரில் போய் இறங்கினார். வயது 22. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகை மாதம் 11.5 பவுண்டு, 3 ஆண்டுகளுக்கு. பதிலுக்குப் படிப்பு முடிந்ததும் 10 ஆண்டுகள் பரோடா சமஸ்தானத்தில் வேலை செய்வதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார். பம்பாயில் இருந்த மனைவி ரமாபாய்க்கும் குடும்பத்துக்கும் அவர்தான் ஆதரவு.

கொலம்பியாவில் ஆய்வேடு மட்டும் எழுதினால் போதாது. வகுப்புகளில் உட்கார வேண்டும். அவர் உட்கார்ந்த வகுப்புகளின் கணக்கு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது: பொருளாதாரம் 29, வரலாறு 11, சமூகவியல் 6, தத்துவம் 5, மானுடவியல் 4, அரசியல் 3. கூடவே பிரெஞ்சும் ஜெர்மனும் தொடக்க நிலையில் ஒவ்வொன்று. இன்று நம் பல்கலைக்கழகங்களில் ‘கோர்ஸ் ஒர்க்’ என்று சொல்கிறோமே, அதன் பெரிய வடிவம் அது. 1915-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகமும் நிதியும் பற்றி எழுதி எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916 மே மாதம் மானுடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். இன்று உலகம் முழுக்கப் படிக்கப்படும் அந்தக் கட்டுரை ஒரு மாணவன் வகுப்பில் வாசித்த கட்டுரைதான். அதே ஆண்டு, இந்தியாவின் தேசிய வருமானப் பங்கீடு பற்றிய ஆய்வேட்டையும் பேராசிரியர் எட்வின் செலிக்மன் வழிகாட்டுதலில் முடித்துக் கொடுத்தார்.

வகுப்பும் ஆய்வேடும் முடிந்தும் பட்டம் கைக்கு வரவில்லை. ஆய்வேட்டை நூலாக அச்சிட்டு அதன் படிகளைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்த பிறகே பட்டம் என்பது அன்றைய கொலம்பியாவின் விதி. வசதி உள்ள வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு அச்சகச் செலவு. உதவித்தொகையை நம்பி நாளை ஓட்டிய மாணவனுக்கு அது ஒரு மலை.

அந்த மலையை அப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, உதவித்தொகை ஓராண்டு நீட்டிக்கப்பட்டதை வைத்துக்கொண்டு அவர் லண்டன் போனார். 1916 அக்டோபரில் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். சட்டம் படிக்க கிரேஸ் இன்னிலும் பதிந்துகொண்டார். ஒரு ஆண்டு கூட நிறையவில்லை. 1917-ல் உதவித்தொகை முடிந்தது, திரும்பி வரச் சொல்லி அழைப்பு வந்தது.

இங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நம் ஆய்வு மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்திடம் முறைப்படி விடுப்புக் கேட்டார். 4 ஆண்டுகள் வரை விடுப்பு கிடைத்தது. ஊர் திரும்பினாலும் அவருடைய பதிவு அங்கே உயிரோடு இருந்தது. பின்னால் அவரைக் காப்பாற்றியது அந்த அனுமதிதான்.

திரும்பும்போது புத்தகங்களையும் சாமான்களையும் தனியாக வேறொரு கப்பலில் அனுப்பியிருந்தார். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கி அந்தக் கப்பல் மூழ்கிவிட்டது. அரை வயிறு சாப்பிட்டுச் சேர்த்த புத்தகங்கள் கடலுக்குப் போயின. 2012 நவம்பரில் நத்தம் காலனியிலும் அண்ணா நகரிலும் கொண்டம்பட்டியிலும் வீடுகள் எரிந்ததைப் பார்த்த நம் மாவட்டத்துக்கு, படிக்கிறவன் வீட்டில் இருக்கும் காகிதத்தின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பரோடாவில் அவருக்கு மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த அந்த அதிகாரியின் மேசை மீது பியூன்கள் கோப்புகளைத் தூரத்தில் நின்று வீசினார்கள். தங்க வீடு கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் இடம் பிடித்தார். மகார் சாதிக்காரர் என்று தெரிந்ததும் தடியோடு வந்த கூட்டம் வெளியேறச் சொன்னது. சில மணி நேர அவகாசத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, பம்பாய்க்கு ரயில் ஏறினார். படித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு நாள் போதும்.

1918 நவம்பரில் பம்பாயின் சைடன்ஹாம் கல்லூரியில் அரசியல் பொருளாதாரப் பேராசிரியர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அங்கேயும் ஆசிரியர்களுக்கான பானையில் அவர் தண்ணீர் எடுப்பதைச் சிலர் எதிர்த்தார்கள். அவர் மாணவர்களை நன்றாகத் தயார் செய்தார், சம்பளத்தில் மிச்சம் பிடித்தார், லண்டன் விடுப்பு காலாவதியாகும் நாளை மனதில் வைத்திருந்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் பண உதவி செய்தார். கொலம்பியாவில் உடன் தங்கிய பார்சி நண்பர் நாவல் பதேனா கடன் கொடுத்தார். 1920 ஜூலையில் மறுபடியும் கப்பல் ஏறினார். விடுப்புக் காலம் முடிய இன்னும் ஓராண்டு இருந்தது.

லண்டனில் பகல் முழுக்க நூலகம், இரவில் அறையில் படிப்பு. 1921-ல் எம்.எஸ்சி. முடித்தார். அடுத்து டி.எஸ்சி. எனும் டாக்டர் பட்டம். ரூபாயின் மதிப்பு எப்படி நிர்ணயிக்கப்படுகிறது, அதை ஆங்கிலேய அரசு எப்படிக் கையாள்கிறது என்பது ஆய்வுப் பொருள். 1923 மார்ச்சில் பதில் வந்தது. ஆய்வேடு ஏற்கப்படவில்லை, திருத்தி எழுத வேண்டும் என்றார்கள் தேர்வாளர்கள்.

கையில் காசு தீர்ந்துபோன நேரத்தில் வந்த பதில் அது. ஏப்ரலில் அவர் பம்பாய் திரும்பினார். வழக்கறிஞர் தொழிலைத் தொடங்க வேண்டும், குடும்பம் பார்க்க வேண்டும், கடன் அடைக்க வேண்டும். இவற்றுக்கு நடுவே ஆய்வேட்டைத் திருத்தினார். ஆகஸ்டில் மறுபடியும் சமர்ப்பித்தார். நவம்பரில் லண்டன் பல்கலைக்கழகம் பட்டத்தை அளித்தது. டிசம்பரில் அது ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற நூலாக வெளிவந்தது. பெற்றோர் நினைவுக்கு அதைச் சமர்ப்பணம் செய்தார். முன்னுரை எழுதியவர் அவருடைய நெறியாளர் எட்வின் கேனன். மாணவரின் வாதங்களில் தனக்கு உடன்பாடில்லாதவை உண்டு என்பதை மறைக்காமலேயே அவர் முன்னுரை எழுதினார். நெறியாளர் சொல்வதையே திருப்பி எழுதினால்தான் பட்டம் என்று நினைக்கும் நெறியாளர்களும் மாணவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆக, பின்னால் தொடங்கிய லண்டன் பட்டம் முன்னால் வந்துவிட்டது. பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ள அதுவே போதும். வேறு யாராவது என்றால் கொலம்பியாவை மறந்திருப்பார்கள். அவர் மறக்கவில்லை. 1925-ல், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த விதம் பற்றிய நூலை லண்டன் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. செலிக்மன் முன்னுரை எழுதினார். உதவித்தொகை கொடுத்த சாயாஜிராவ் மன்னருக்கு நூல் சமர்ப்பிக்கப்பட்டது. அந்த அச்சு நூல்தான் கொலம்பியாவின் கடைசி நிபந்தனையை நிறைவேற்றியது. 1927 ஜூன் 8-ம் தேதி பிஎச்.டி. பட்டம் முறைப்படி அவருக்கு வழங்கப்பட்டது.

அந்த ஆண்டை நினைத்துப் பாருங்கள். முந்தைய ஆண்டு கைக்குழந்தை ராஜரத்னாவைப் பறிகொடுத்திருந்தார். 1927 மார்ச் 20-ம் தேதி மகாடில் ஆயிரக்கணக்கானவர்களோடு சவதார் குளத்துக்கு நடந்து சென்று தண்ணீர் குடித்தார். அதற்காகத் தாக்கப்பட்ட மக்களுக்காக ஓடிக்கொண்டிருந்தார். ஏப்ரலில் ‘பகிஷ்கிருத் பாரத்’ பத்திரிகை தொடங்கினார். ஜூனில் நியூயார்க் பட்டம். குளத்தில் தண்ணீர் குடிக்கும் உரிமைக்குப் போராடியதும் அவர்தான், கடல் தாண்டிய பல்கலைக்கழகத்தின் கடைசி விதி வரை நிறைவேற்றியதும் அவர்தான். ஒன்றுக்காக மற்றதை அவர் விட்டுவிடவில்லை.

இனி நம் கதைக்கு வருவோம். தர்மபுரி மாவட்டக் கல்லூரிகள் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. அப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போக, அம்மா நூறு நாள் வேலைக்குப் போக, பிள்ளை பிஎச்.டி.க்குப் பதிந்திருக்கிற வீடுகள் இன்று நம் குடியிருப்புகளில் உண்டு. நல்ல செய்திதான். ஆனால் பதிந்தவர்கள் எல்லோரும் முடிப்பதில்லை. பெரும்பாலும் அறிவு குறைவதால் அவர்கள் நிற்பதில்லை, பணமும் விதியும் தெரியாமல் நிற்கிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. முடியவில்லை என்றால் மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டு கேட்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் ஊனம் உள்ளவர்களுக்கும் இன்னும் 2 ஆண்டு தளர்வு உண்டு. பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு உண்டு. குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாட வகுப்புகளில் தேர்ச்சி பெற வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் ஆய்வின் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். சமர்ப்பிக்கும் முன் ஒரு பொது முன்வைப்பு, பிறகு வெளித் தேர்வாளர்கள் இருவரின் மதிப்பீடு, கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை அந்த விதிகள் நீக்கிவிட்டன. ஆனாலும் உங்கள் பல்கலைக்கழகம் தனியாக என்ன கேட்கிறது என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தின் கணக்கு வேறு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை அதிகபட்சம் 5 ஆண்டு. மாநில அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை முழுநேர ஆய்வாளர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. பதிவுக்காலம் 6 ஆண்டு, உதவித்தொகை 5 ஆண்டு என்றால், தட்டச்சு, அச்சு, சமர்ப்பிப்புக் கட்டணம் என்று செலவு கூடுகிற கடைசி ஆண்டில் கை வெறுமையாக நிற்கிறது. 1916-ல் அண்ணல் நின்ற இடமும் அதுதான். அந்தக் கடைசி ஆண்டுக்கு ஒரு வழி செய்ய வேண்டும், கொடுக்கிற தொகையை மாதாமாதம் கொடுக்க வேண்டும் என்று அரசிடம் கேட்பது நம் உரிமை. இது சலுகை கேட்பதாகாது. அன்று மன்னர்களும் நண்பர் ஒருவரும் செய்ததை இன்று அரசமைப்புச் சட்டத்தின்படி நடக்கும் அரசு செய்ய வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வேலைக்குப் போக வேண்டி வந்தாலோ, வீட்டில் சாவு, நோவு, பிரசவம் என்று நின்றாலோ, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடாதீர்கள். நெறியாளர் கையெழுத்தோடு விடுப்புக்கோ நீட்டிப்புக்கோ மறுபதிவுக்கோ விண்ணப்பித்து, பல்கலைக்கழக முத்திரையோடு பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வேடு திருப்பி அனுப்பப்பட்டால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அண்ணலின் ஆய்வேடே ஒருமுறை திரும்பி வந்ததுதான், 8 மாதத்தில் அது பட்டமாக மாறியது.

நம் ஊர்களில் பத்து வருடத்துக்கு முன் பதிந்து, பாதி எழுதி, பரணில் போட்டுவைத்த ஆய்வேடுகள் இருக்கின்றன. அந்த வீடுகளில் உள்ளவர்கள் இந்த வாரமே அதை இறக்கித் தூசி தட்டி, பதிவு இன்னும் செல்லுமா, செல்லாவிட்டால் புதிதாகச் சேர என்ன வழி என்று பல்கலைக்கழகத்தின் ஆய்வுப் பிரிவில் கேட்டுவர வேண்டும். கேட்பதற்குக் கட்டணம் கிடையாது.